குமரியில் ஒரு வாரம்: விமானத்தில் சரக்கு ஏற்றியவர்களைத் தேடி

திங்கள், தக்கலை

இந்த வாரம் குமரி மாவட்டத்தில் சுற்றுகிறேன். அன்றன்று பார்த்ததையும் கேட்டதையும் இரவில் உட்கார்ந்து இங்கே எழுதிப் போடுவதாகத் திட்டம். விஷயம் ஒன்றுதான். ராணுவத்தின் ஆட்களையும் சரக்கையும் விமானத்தில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை.

இந்த மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது, பக்கத்தில் இருப்பது திருவனந்தபுரம்தான். ஆனாலும் இதைப் பற்றி எழுதணும் என்று நினைத்ததும் நாகர்கோவிலுக்குத்தான் டிக்கெட் எடுத்தேன். காரணம், இங்கே இருக்கும் எக்ஸ் சர்வீஸ்மேன்கள். போர் விமானம் ஓட்டியவர்களைக் கொண்டாட நிறையப் பேர் இருக்கிறார்கள். மூட்டையை எடை போட்டு, தரையில் சங்கிலி மாட்டி, இறுக்கி, சரிபார்த்து, கதவை மூடிவிட்டு ஓரமாக நின்றவர்களிடம் யாரும் போய்க் கேட்பதில்லை. எனக்கு அவர்கள் சொல்வதைக் கேட்கணும்.

வடசேரியில் பஸ் பிடித்து தக்கலை வந்து இறங்கினேன். அம்மாவின் அண்ணன், எனக்கு மாமா, விமானப்படையில் 20 வருஷம் இருந்தவர். அதில் பெரும்பகுதி சண்டிகரில். லடாக்குக்கும் சியாச்சினுக்கும் போகும் சரக்கெல்லாம் அன்றைக்கு அங்கிருந்துதான் கிளம்பும். மரச்சீனியும் சாளைக் கறியும் சாப்பிட்டு முடித்ததும் நானாகவே ஆரம்பித்தேன். விமானத்தில் லோடு ஏற்றுவதில் என்ன கஷ்டம் மாமா?

மாமா எழுந்து போய் முற்றத்தில் கிடந்த ஈர்க்கு வாரியலை எடுத்து வந்து ஒரு விரலின் மேல் குறுக்காக வைத்தார். கட்டுப் பக்கம் கனம் என்பதால் விரலை அந்தப் பக்கமாக நகர்த்தியதும் அது அசையாமல் நின்றது. "இந்த எடம் எங்கன இருக்குன்னு தெரியாம ஒரு பிளேனும் கெளம்பாது மக்களே. இதத்தான் நாங்க பேப்பர்ல கணக்குப் போடுவோம், கேட்டியா."

அந்தக் கணக்கு இப்படி. விமானத்தில் ஏறும் ஒவ்வொரு பொருளின் எடையையும், ஒரு குறிப்பிட்ட புள்ளியிலிருந்து அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அதனால் பெருக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி மொத்த எடையால் வகுத்தால் ஈர்ப்பு மையம் கிடைக்கும். ஒவ்வொரு விமானத்துக்கும் அந்த மையம் எங்கிருந்து எங்கு வரை இருக்கலாம் என்று எல்லை உண்டு. மையம் பின்னால் தள்ளிப்போனால் கிளம்பும்போதே மூக்கு தூக்கிக்கொள்ளும், இறக்கை காற்றைப் பிடிக்காது. முன்னால் வந்துவிட்டால் மூக்கைத் தூக்கவே முடியாது. எரிபொருள் தீரத் தீர மையம் நகரும், அதற்கும் சேர்த்துத்தான் கணக்கு. மாமா இருந்த காலத்தில் இது பென்சிலும் ரப்பரும் வைத்துச் செய்த வேலை.

அடுத்தது கட்டுவது. தரையில் வளையங்கள் பதித்திருப்பார்கள். சங்கிலியை அதில் மாட்டி, சரக்கின் இன்னொரு பக்கத்தில் கொக்கி போட்டு, இறுக்கும் கருவியால் முறுக்க வேண்டும். மாமா கையை மடக்கிக் காட்டினார். சங்கிலி எந்தக் கோணத்தில் சாய்கிறது என்பதை வைத்துத்தான் அதன் பலம். நேர் செங்குத்தாகக் கட்டினால் முன்னால் போவதைத் தடுக்காது. படுக்கையாகக் கட்டினால் மேலே எழும்புவதைத் தடுக்காது. சரக்கு தன் எடையைப் போல மூன்று மடங்கு விசையோடு முன்னால் பாய்ந்தாலும் தாங்க வேண்டும் என்பது அமெரிக்க ராணுவச் சரக்கு விமானங்களின் கணக்கு. வேகமாக ஓடும் விமானம் சட்டென்று நிற்கும்போது உள்ளே இருப்பதெல்லாம் முன்னால்தான் பாயும்.

2013 ஏப்ரல் 29-ஆம் தேதி ஆப்கானிஸ்தானின் பக்ராமில் நடந்ததை மாமாவிடம் சொன்னேன். அமெரிக்க ராணுவத்தின் கவச வண்டிகள் ஐந்தை ஏற்றிக்கொண்டு துபாய்க்குக் கிளம்பிய ஒரு 747 சரக்கு விமானம், மேலே எழும்பிய சில நொடிகளில் மூக்கைத் தூக்கி, நின்று, அப்படியே தரையில் விழுந்தது. உள்ளே இருந்த 7 பேரும் இறந்தார்கள். வண்டிகளைக் கட்டிய பட்டைகள் போதவில்லை என்பது விசாரணையில் தெரிந்தது. ஒரு வண்டியாவது அவிழ்ந்து பின்னால் ஓடி, ஹைட்ராலிக் குழாய்களையும் வால் இறக்கையை இயக்கும் பாகத்தையும் உடைத்திருக்கிறது. அதற்கு மேல் பைலட் என்ன செய்தாலும் பலனில்லை.

மாமா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "கட்டினவன் யாருன்னு தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

செவ்வாய், உதயகிரி, குளச்சல்

தக்கலையிலிருந்து புலியூர்க்குறிச்சி பக்கம்தான். உதயகிரிக் கோட்டை இப்போது வனத்துறையின் பூங்கா. உள்ளே மரங்களுக்கு நடுவே டச்சுத் தளபதி டிலனாயின் கல்லறை, லத்தீனிலும் தமிழிலும் எழுதிய கல்லோடு இருக்கிறது. 1741-இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டவர். பிறகு அவரிடமே சேர்ந்து திருவிதாங்கூர்ப் படையை நவீனமாக்கியவர்.

அங்கிருந்து குளச்சல் போய் வெற்றித்தூணைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் இந்தப் போரைப் படித்தபோது வீரத்தைத்தான் சொல்லித் தந்தார்கள். டச்சுக்காரர்கள் தோற்ற விதம் வேறு பாடம் சொல்கிறது. கடலிலிருந்து இறங்கிக் கரையில் முகாம் போட்டார்கள், சுற்றி வளைக்கப்பட்டார்கள். திருவிதாங்கூர்ப் பீரங்கிக் குண்டு ஒன்று அவர்கள் வெடிமருந்துப் பீப்பாயில் விழுந்து தீப்பிடித்தது. அந்தத் தீயில் அரிசி இருப்பு முழுவதும் போனது. அடுத்த சில நாளில் சரணடைந்தார்கள். அரிசி இல்லாமல் யாரும் கோட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார முடியாது.

சுற்றி வளைக்கப்பட்ட படைக்கு வானத்தின் வழியாகச் சாப்பாடு போட முடியுமா என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் கேள்வியாக வந்தது. அதற்குக் கிடைத்த ஒரு பெரிய பதில் முடியாது என்பது. 1942 நவம்பரில் ஸ்டாலின்கிராடில் ஜெர்மனியின் ஆறாவது படை மாட்டிக்கொண்டது. ஒரு நாளைக்குக் குறைந்தது 300 டன் வேண்டும் என்று கணக்கு. தேவையானதை விமானத்தில் கொண்டுவந்து சேர்ப்பதாக வாக்குறுதி கொடுத்தார்கள். போய்ச் சேர்ந்தது சராசரியாக 100 டன் சுற்றித்தான். குளிர், பனி, சோவியத் போர் விமானங்கள், ஒவ்வொன்றாகக் கைவிட்டுப்போன ஓடுபாதைகள். 1943 பிப்ரவரி தொடக்கத்தில் எல்லாம் முடிந்தது. எத்தனை டன் வேண்டும், எத்தனை விமானம் இருக்கிறது, ஒரு நாளைக்கு எத்தனை முறை போய்வர முடியும் என்று மூன்று எண்களை யாராவது நேர்மையாகப் பெருக்கிப் பார்த்திருந்தால் அந்த வாக்குறுதியைக் கொடுத்திருக்க மாட்டார்கள். பசியில் செத்தவர்கள் சாதாரணச் சிப்பாய்கள்.

அடுத்த வருஷம் நம் பக்கத்தில் வேறு பதில் கிடைத்தது. 1944-இல் ஜப்பானியர்கள் இம்பாலை நோக்கி வந்தபோது, பர்மாவின் அரக்கானில் சண்டையிட்டுக்கொண்டிருந்த ஐந்தாவது இந்திய டிவிஷனை விமானத்தில் தூக்கி இம்பாலுக்கும் திமாப்பூர் பக்கமும் கொண்டுவந்தார்கள். பீரங்கிகள், ஜீப்புகள், கோவேறு கழுதைகள் எல்லாம் ஏறின. இம்பாலைச் சுற்றிச் சாலைகள் அடைபட்ட மாதங்களில் சாப்பாடும் மருந்தும் குண்டுகளும் வானத்தில்தான் வந்தன. போகும் விமானங்கள் காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பின. பட்டுப் பாராசூட்டுக்குத் தட்டுப்பாடு வந்தபோது கல்கத்தாவில் சணலில் பாராசூட் தைத்தார்கள். மனிதரை இறக்க அது ஆகாது, மூட்டையை இறக்கத் தாராளமாகப் போதும். இந்தச் சணல் பாராசூட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். எது எதற்குப் போதும் என்று தெரிந்த ஒருவர் அங்கே இருந்திருக்கிறார்.

அப்புறம் பெர்லின். 1948 ஜூனில் சோவியத் படைகள் மேற்கு பெர்லினுக்குப் போகும் சாலை, ரயில் எல்லாவற்றையும் அடைத்தன. உள்ளே சுமார் 20 லட்சம் பேர். அடுத்த 15 மாதத்தில் ஏறத்தாழ 2,77,000 பறப்புகளில் சுமார் 23 லட்சம் டன் போய்ச் சேர்ந்தது. அதில் மூன்றில் இரண்டு பங்கு நிலக்கரி. கருப்புத் தூளாகச் சாக்கில் கட்டி, விமானத்தில் ஏற்றி, ஒரு நகரத்தைக் குளிர்காலம் முழுக்கச் சூடாக வைத்திருந்தார்கள். உருளைக்கிழங்கை உலர்த்தித் தூளாக்கி அனுப்பினார்கள், தண்ணீரின் எடையைச் சுமந்துகொண்டு பறக்க வேண்டாமே.

அதை நடத்திய அமெரிக்க ஜெனரல் வில்லியம் டன்னர் அதற்கு முன்பு அசாமிலிருந்து இமயமலையைத் தாண்டிச் சீனாவுக்குச் சரக்கு அனுப்பும் வேலையைக் கவனித்தவர். அவர் போட்ட விதிகளில் இரண்டு எனக்குப் பிடிக்கும். ஒன்று, இறங்கத் தவறிய விமானம் மேலே வட்டமடித்துக் காத்திருக்கக் கூடாது, சரக்கோடு அப்படியே திரும்பிப் போய்விட வேண்டும். இல்லையென்றால் பின்னால் வரும் வரிசை முழுவதும் குலையும். இன்னொன்று, பைலட்டுகள் பெர்லினில் விமானத்தை விட்டு நகரக் கூடாது. டீயும் தின்பண்டமும் வானிலைத் தகவலும் வண்டியில் அவர்களைத் தேடி வரும். அவர்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் ஜெர்மன் தொழிலாளர்கள் சரக்கை இறக்கிவிடுவார்கள். 1949 ஏப்ரலில் ஒரு நாள் மட்டும், 24 மணி நேரத்தில் 12,941 டன் இறங்கியது.

குளச்சல் கடற்கரையில் ஏத்தங்காய் அப்பமும் சாயாவும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்து இந்த எண்களை நோட்டில் எழுதினேன். பக்கத்தில் ஒருவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். என்ன கணக்கு என்று கேட்டார், சொன்னேன். "எறக்குற ஆளுக்குச் சம்பளம் யார் கொடுத்தா?" என்று கேட்டார். நல்ல கேள்வி.

புதன், மணக்குடி, தேங்காய்ப்பட்டினம்

கடற்கரையோரமாகவே இன்றைய பயணம். மணக்குடியில் 2004 சுனாமி பாலத்தையே அடித்துக்கொண்டு போனது. இப்போது இருப்பது புதிய பாலம்.

அதே நாள் காலை கார் நிக்கோபார் தீவில் நம் விமானப்படைத் தளத்தை அலை மூடியது. படையினரும் குடும்பத்தாருமாக 100-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். உதவி செய்ய வேண்டிய தளமே உதவி கேட்கும் நிலை. ஓடுபாதையில் மிஞ்சிய நீளத்தை வைத்துக்கொண்டு சரக்கு விமானங்கள் அங்கே இறங்கின. பேரிடரில் முதல் விமானத்தில் என்ன ஏற்றுவது என்பது பெரிய முடிவு. எல்லோர் மனமும் அரிசியையும் போர்வையையும்தான் நினைக்கும். ஆனால் ஜெனரேட்டர், வயர்லெஸ், தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி, சரக்கை இறக்கும் வண்டி, அதை ஓட்டத் தெரிந்த ஆள் முதலில் போகாவிட்டால் பின்னால் வரும் பத்து விமானங்கள் காலியாகாமல் நிற்கும். 2015 நேபாள நிலநடுக்கத்தின்போது அன்றைக்கே நம் விமானப்படை காத்மாண்டுவில் இறங்கிவிட்டது. ஆனால் அங்கே இருப்பது ஒரே ஓடுபாதை. உலகத்தின் பல நாட்டிலிருந்து கனரக விமானங்கள் வந்து இறங்கி இறங்கி அதில் வெடிப்பு விட்டு, பெரிய விமானங்கள் வரக் கூடாது என்று நிறுத்த வேண்டியதாயிற்று.

தேங்காய்ப்பட்டினத்தில் ஒக்கியைப் பற்றிப் பேசாமல் யாரும் என்னை விடவில்லை. 2017 நவம்பர் கடைசியில் அந்தப் புயல் வந்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்க்காரர்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். கடற்படை, கடலோரக் காவல்படை, விமானப்படை எல்லாம் தேடின. திரும்பி வராதவர்கள் வீடு இங்கே தெருத்தெருவாக இருக்கிறது.

அந்தக் கடலிலிருந்து பிழைத்து வந்த ஒருவரோடு துறைமுகச் சுவரில் உட்கார்ந்து பேசினேன். "ஒரு விமானம் தலைக்கு மேல போச்சு அண்ணா. சட்டையக் கழத்தி வீசினேன். அவங்களுக்குத் தெரியல" என்றார். அவருக்கு நான் சொல்லக்கூடிய ஆறுதல் ஒன்றுமில்லை. நுரை கிளம்பிய கடலில், மேலிருந்து பார்ப்பவருக்கு ஒரு தலையும் ஒரு அலை நுனியும் ஒன்றுபோலவே தெரியும். விமானம் மெதுவாகப் போகவும் முடியாது, நிற்கவும் முடியாது. பார்த்தாலும் ரப்பர் மிதவையையும் தண்ணீரையும் போட்டுவிட்டு, இடத்தைச் சொல்லிக் கப்பலையோ ஹெலிகாப்டரையோ வரவழைக்கத்தான் முடியும். இதெல்லாம் உண்மை. ஆனால் ஆழ்கடலுக்குப் போகும் ஒவ்வொரு படகிலும், அபாயத்தில் தானாகவே இடத்தைச் சொல்லும் கருவி கட்டாயம் இருக்க வேண்டும் என்பதும் உண்மை. தேடும் இடம் தெரியாவிட்டால் எத்தனை விமானம் இருந்தும் போதாது. இதை நான் எங்கே போனாலும் சொல்வேன்.

வியாழன், தோவாளை, ஆரல்வாய்மொழி

விடிவதற்கு முன்பே தோவாளைப் பூச்சந்தை. பிச்சி, மல்லிகை, சம்பங்கி, அரளி, கொழுந்து என்று குவிந்து கிடந்தது. இங்கிருந்து கேரளாவுக்கு வண்டி வண்டியாகப் போகிறது, திருவனந்தபுரம் வழியாக வளைகுடாவுக்கும் பறக்கிறது. பெட்டி கட்டும் ஒரு அண்ணனிடம் விமானக் கட்டணம் பற்றிக் கேட்டேன். எடைக்கு மட்டும் காசு வாங்க மாட்டார்கள், பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 6,000-ஆல் வகுத்து வரும் எண்ணையும் பார்ப்பார்கள், எது அதிகமோ அதுதான் கட்டணம் என்றார். பூ லேசு, ஆனால் இடத்தை அடைக்கும்.

ராணுவத்திலும் இதே தலைவலி. பனிக்கோட்டும் மெத்தையும் ஏற்றினால் விமானத்தின் வயிறு நிறைந்துவிடும், தூக்கும் சக்தியில் பாதி வீணாகும். பீரங்கிக் குண்டு ஏற்றினால் தரையில் ஒரு வரிசை முடிவதற்குள் எடை எல்லையைத் தொட்டுவிடும், மேலே முழுக்கக் காலி. இரண்டையும் கலந்து அடுக்கத் தெரிந்தவர் ஒரு விமானத்தை மிச்சப்படுத்துவார். ஆனால் சண்டைக்குப் போகும்போது இந்தச் சிக்கனத்தைப் பார்க்க முடியாது. பீரங்கியும் அதை இயக்கும் ஆட்களும் குண்டும் ஒரே விமானத்தில் இருக்க வேண்டும். பீரங்கி இறங்கி, குண்டு வேறு ஊரில் நின்றால் அந்தப் பீரங்கி வெறும் இரும்பு.

மாமா சொல்லி அனுப்பிய ஆளைச் சந்தித்தது ஆரல்வாய்மொழியில். அண்ணாச்சி ஏ.எஸ்.சி. எனும் தரைப்படை வழங்கல் பிரிவில், ஏர் டெஸ்பாட்ச் வேலை பார்த்தவர். ஜோர்ஹாட்டிலிருந்து அருணாசலத்தின் மலை முகாம்களுக்குச் சரக்கு போட்டவர். கணவாயில் காற்று அன்றைக்கும் அடித்துத் தள்ளியது. முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் ஒன்றுவிடாமல் சுற்றிக்கொண்டிருந்தன. அதைக் காட்டித்தான் பேச ஆரம்பித்தார்.

"இந்தக் காத்துல டிராப் போட முடியாது தம்பி."

ஏன் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். பாராசூட்டில் கட்டிய பெட்டி நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 300 மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் தரையைத் தொட 43 நொடி ஆகும். காற்று நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் அடித்தால் அதற்குள் பெட்டி 430 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். கீழே இருப்பது சமவெளி என்றால் நடந்து போய் எடுக்கலாம். அருணாசலத்தில் 430 மீட்டர் என்றால் அடுத்த பள்ளத்தாக்கு.

அரிசி, மாவு, உப்பு மாதிரி உடையாத சரக்கைப் பாராசூட் இல்லாமலே வீசுவார்களாம். சாக்குக்குள் சாக்கு. உள்சாக்கை இறுக்கமாகக் கட்டாமல் தளர்வாக விட வேண்டும், அப்போதுதான் விழுந்து கிழிந்தாலும் வெளிச்சாக்கு பிடித்துக்கொள்ளும். அண்ணாச்சி கடைக்காரரிடம் ஒரு காலி சாக்கை வாங்கி, எவ்வளவு வரை நிரப்ப வேண்டும், வாயை எந்த இடத்தில் கட்ட வேண்டும் என்று கட்டியே காட்டினார். கட்டை விரலால் முடிச்சை அழுத்திப் பார்த்த விதத்திலேயே தெரிந்தது, இந்தக் கை எத்தனை ஆயிரம் சாக்கைக் கட்டியிருக்கும் என்று. மண்ணெண்ணெய், மருந்து, முட்டை எல்லாம் பாராசூட்டில். பெட்டிக்கு அடியில் தேன்கூடு மாதிரி மடித்த கனத்த அட்டை அடுக்கு இருக்கும், விழும் அதிர்ச்சியில் அது நசுங்கிச் சரக்கைக் காப்பாற்றும். விமானம் இலக்குக்கு மேல் வந்ததும் மூக்கைக் கொஞ்சம் தூக்கும், விளக்கு மாறும், மணி அடிக்கும், கட்டை அவிழ்த்துத் தள்ள வேண்டும். திறந்த கதவின் ஓரத்தில் நிற்பவர் இடுப்பில் ஒரே ஒரு பட்டை.

பேச்சு யாழ்ப்பாணத்துக்குப் போகாமல் இருக்குமா? 1987 ஜூன் 3-ஆம் தேதி ராமேஸ்வரத்திலிருந்து நிவாரணப் பொருளோடு போன படகுகளை இலங்கைக் கடற்படை மறித்துத் திருப்பி அனுப்பியது. மறுநாள் பெங்களூரிலிருந்து ஐந்து ஏ.என்.-32 சரக்கு விமானங்கள் மிராஜ் போர் விமானங்களின் காவலோடு போய் யாழ்ப்பாணத்தின் மேல் சுமார் 25 டன் உணவும் மருந்தும் போட்டன. ஆபரேஷன் பூமாலை. 25 டன்னை ஒரு லட்சம் பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்குக் கால் கிலோ. அது பசியை ஆற்றப் போட்ட சரக்கு என்பதைவிட, இங்கே நாங்கள் வர முடியும் என்று கொழும்புக்குச் சொன்ன செய்தி.

அடுத்த மாதக் கடைசியில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் ஆனதும் இந்தியப் படையினர் பலாலி விமான நிலையத்தில் இறங்கினார்கள். அக்டோபரில் புலிகளோடு சண்டை தொடங்கியபோது ஓர் இரவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டரில் ஆட்களை இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஹெலிகாப்டர்கள் அடிபட, மிச்சப் பேரைக் கொண்டுவர முடியவில்லை. 13-ஆவது சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரியில் முதலில் இறங்கிய 30 பேர் தனியாக மாட்டிக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் பிடிபட்டுப் பிழைத்தார். அந்த மாதங்களில் யாழ்ப்பாணத்துச் சனம் பட்டது தனிக்கதை, அதை ஒரு பத்தியில் எழுதி நகர எனக்கு மனசு வராது. சரக்குக் கணக்கில் மட்டும் பார்த்தால், இரண்டாவது முறை வர முடியுமா என்று தெரியாமல் முதல் முறை ஆளை இறக்கக் கூடாது என்பதற்கு இதைவிடக் கொடிய உதாரணம் நான் படித்ததில்லை. அண்ணாச்சி அந்தப் பேச்சை அதற்கு மேல் தொடரவில்லை. நானும் கேட்கவில்லை.

வெள்ளி, கன்னியாகுமரி

மாமாவும் கூட வந்தார். திருவள்ளுவர் சிலை, கண்ணாடிப் பாலம் எல்லாம் கூட்டம். நாங்கள் கடலைப் பார்த்துக்கொண்டு ஓரமாக நின்றோம். பெரிய தலைவர்கள் வந்தால் திருவனந்தபுரத்திலிருந்து ஹெலிகாப்டரில் இங்கே வந்து இறங்குவது வழக்கம். மாவட்டத்தில் வான்வழி என்று சொல்ல இருப்பது அவ்வளவுதான்.

திருவனந்தபுரத்தில்தான் விமானப்படையின் தெற்குக் கட்டளையகம், 1984 முதல். அங்கிருந்து மாலத்தீவு சுமார் 600 கிலோமீட்டர். 1988 நவம்பர் 3-ஆம் தேதி விடிகாலையில் கூலிப்படை மாலேயில் புகுந்து ஆட்சியைப் பிடிக்கப் பார்த்தது. அதிபர் கயூம் உதவி கேட்டார். ஆக்ராவிலிருந்து இரண்டு ஐ.எல்.-76 விமானங்கள் பாராசூட் படையினரோடு 2,000 கிலோமீட்டருக்கு மேல் நிற்காமல் பறந்து அன்று இரவே மாலேக்குப் பக்கத்துத் தீவான ஹுல்ஹுலேயின் ஓடுபாதையில் இறங்கின. ஓடுபாதை எதிரி கையில் இருந்தால் குதிக்கவும் தயாராகப் போனார்கள். காலையில் கேட்ட உதவி இரவில் போய்ச் சேர்ந்திருக்கிறது. நடுவில் இருந்த சில மணி நேரத்தில் ஆளையும் குண்டையும் வண்டியையும் கணக்குப் போட்டு ஏற்றியவர்களின் பெயர் எங்கேயும் வராது.

மாமாவிடம் ஐ.எல்.-76 பற்றிக் கேட்டால் முகம் மலரும். ஏ.என்.-32 ஆறரை டன் சொச்சம் தூக்கும் காலத்தில், 40 டன்னுக்கு மேல் தூக்கும் இது வந்து சண்டிகரில் நின்றபோது எல்லோரும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்களாம். இப்போது இருக்கும் சி-17 அதிகபட்சம் 77 டன் வரை தூக்கும், நம்மிடம் 11 இருக்கின்றன. 2020-இல் கல்வான் மோதலுக்குப் பிறகு கிழக்கு லடாக்குக்கு 68,000-க்கும் மேற்பட்ட படையினரையும், சுமார் 90 டாங்கிகளையும், 330 கவச வண்டிகளையும் விமானத்தில் கொண்டுபோனார்கள். இந்த எண்களை மாமாவிடம் வாசித்தேன்.

"லேயில எத்தன மணிக்கு எறக்குனான்?" என்றார்.

லே விமான நிலையம் 10,000 அடிக்கு மேலே இருக்கிறது. அங்கே காற்று மெலிசு. வெயில் ஏற ஏற இன்னும் மெலியும், இறக்கைக்கும் இன்ஜினுக்கும் பிடிமானம் குறையும், பிற்பகலில் பள்ளத்தாக்கில் காற்றும் கிளம்பும். அதனால் வேலையெல்லாம் காலையில். சண்டிகரில் நடு இரவுக்கு மேல் ஏற்ற ஆரம்பித்தால்தான் விடியும்போது கிளம்ப முடியும். மாமாவின் 20 வருஷத்தில் பாதித் தூக்கம் போனது இந்தக் காற்றினால்தான். 1948 மே 24-ஆம் தேதி விமானப்படை அதிகாரி மெஹர் சிங் ஒரு டகோட்டா விமானத்தில் ஜெனரல் திம்மையாவை ஏற்றிக்கொண்டு லேயில் முதல் முறையாக இறங்கினாரே, அப்போது அங்கே இருந்தது அவசரத்துக்குப் போட்ட மண் ஓடுபாதை.

2021-இல் ஆக்சிஜன் தட்டுப்பாடு வந்தபோது விமானப்படை திரவ ஆக்சிஜன் டேங்கர்களைத் தூக்கிக்கொண்டு பறந்தது நினைவிருக்கும். அதில் பறந்தவை காலி டேங்கர்கள். நிரப்பிய டேங்கரை விமானத்தில் ஏற்றுவது ஆபத்து. எனவே காலியாகப் போவது வானத்தில், நிறைந்து வருவது ரயிலிலும் சாலையிலும். இதனால் டேங்கர் ஒரு சுற்று சுற்றிவரும் நேரத்தில் பல நாள் குறைந்தது. அந்த டேங்கர்களில் ஒரு லிட்டர் ஆக்சிஜனும் பறக்கவில்லை. ஆனாலும் அது எத்தனையோ பேருக்கு மூச்சு கொடுத்தது.

சாயங்காலம் நாகர்கோவிலில் ரயில் ஏறும்போது மாமா ஒரு தாளில் எழுதிய பட்டியலைக் கொடுத்தார். அவரோடு வேலை பார்த்தவர்கள் எந்தெந்த ஊரில் இருக்கிறார்கள் என்று. தென்காசி, ஆம்பூர், சூலூர் பக்கம் சிலர். அடுத்து அவர்களைப் பார்க்கப் போகிறேன். உங்கள் ஊரில் லோடு பிரிவிலோ, பாராசூட் மடிக்கும் பிரிவிலோ, ஏர் டெஸ்பாட்சிலோ இருந்தவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள். அவர்களிடம் நான் கேட்க நினைப்பது இரண்டு. சங்கிலியை இறுக்கிய பிறகு கடைசியாக எதைச் சரிபார்ப்பீர்கள்? நீங்கள் ஏற்றிவிட்ட விமானம் பத்திரமாகப் போய் இறங்கியது என்று உங்களுக்கு யார் வந்து சொல்வார்கள்?